கன்னி வேட்டை

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



புலவர்களும் பட்டதாரிகளும் பேசவேண்டிய இம்மேடையில், பத்தாம் வகுப்பு மட்டுமே தேறிய ஓர் எழுத்தனுக்கு இடம் அளித்த சங்கத்தார்க்கு நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளேன். இந்தச் சித்திரபுரத்தில் பிறந்து, தேயிலைத் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவரின் மகனாக லயத்து வீட்டில் வளர்ந்து, பிழைப்பின் பொருட்டுப் பாலக்காடு சென்று, ரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதி வருபவன் நான். ரயிலே இல்லாத மலையில் பிறந்தவனுக்கு ரயில்வேயில் என்ன வேலை என்று அலுவலக நண்பர்கள் கேலி செய்வதுண்டு. "எங்கள் மலையிலும் ரயில் ஓடியது ஐயா! 1908ஆம் ஆண்டு முதல் மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே ஓடிய சிறு ரயிலை 1924ஆம் ஆண்டு வெள்ளம் கொண்டு போயிற்று" என்று நானும் விடை சொல்லுவேன். நிற்க.

செயலாளர் அவர்கள் எனக்குத் தந்த தலைப்பு 'தமிழர் வீரம்' என்பது. அதற்கெனச் சில குறிப்புகளும் எழுதி வைத்திருந்தேன். ஆனால் சென்ற விடுமுறையில் ஊருக்கு வந்தபோது என் தமக்கையின் மகன் என்னைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டான். அக்கேள்வி என் குறிப்புகளையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டது. "மாமா, எனக்கு வேட்டை பழக வேண்டும். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. நீங்கள் சிறுவயதில் வேட்டைக்குப் போனதாக அம்மா சொன்னார்கள். எனக்குக் கற்றுத் தாருங்கள்" என்றான். அவன் கைப்பேசியில் அயல்நாட்டார் மான் வேட்டையாடும் காட்சிகளைக் கண்டவன். வயது பதினாறு. அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில் அதே வயதில், அதே ஆசையோடு, அதே காட்டோரத்தில் நானும் நின்றிருக்கிறேன். அவனுக்குச் சொன்ன விடையையே இன்று உங்கள் முன் விரிவாகச் சொல்ல விழைகின்றேன். அதனுள் வீரமும் ஓரளவு வரும்.

முதற்கண் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்துள்ளது. வேட்டை என்றால் துப்பாக்கியால் சுடுவது மட்டும்தான் என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். அவ்வாறு அன்று. கொல்வது, நஞ்சு வைப்பது, பிடிப்பது, கண்ணி வைப்பது, பொறி வைப்பது, இரை காட்டி ஈர்ப்பது, விரட்டுவது, இவற்றுள் எதற்கேனும் முயல்வதுங்கூடச் சட்டத்தின் கண்ணில் வேட்டையே. காட்டுப் பறவையின் கூட்டைக் கலைப்பதும் முட்டையை எடுப்பதும் அதிலேயே அடங்கும். உயர்ந்த பாதுகாப்புப் பெற்ற விலங்குகளைக் கொன்றாலும், சரணாலயத்திலோ தேசியப் பூங்காவிலோ வேட்டையாடினாலும், 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறை. தண்டம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. உரிமம் இல்லாத நாட்டுத்துப்பாக்கியைக் கையில் வைத்திருந்தால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வேறு.

அப்படியானால் நம் உயிருக்கும் பயிருக்கும் வழி யாது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்கும் பொருட்டு, நல்லெண்ணத்துடன் விலங்கைத் தாக்க நேர்ந்தால் அதனைக் குற்றமாக அச்சட்டம் கொள்வதில்லை. பயிரைப் பொறுத்தவரை, நெற்றி வியர்வையில் வைத்த கிழங்கையும் வாழையையும் ஓர் இரவில் பன்றிக்குப் பறிகொடுத்தவன் படும் துயரை நான் அறிவேன். 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் கேரள அரசு, விளைநிலத்தை அழிக்கும் காட்டுப்பன்றிகளைக் கொல்ல ஆணையிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது. அதிலும் நஞ்சு கூடாது, வெடி கூடாது, மின்சாரம் கூடாது என்று வரையறுத்தது. கொன்றதை விதிப்படி புதைக்கவும் சொன்னது. அது உழவனின் துயர் தீர்க்க வந்த ஏற்பாடு. பொழுதுபோக்காக வேட்டை பழக விரும்பும் சிறுவனுக்குத் திறந்த கதவு அன்று.

இவ்வளவும் சொன்னபின், "சட்டம் இருப்பதால் தான் கூடாதா மாமா? நம் முன்னோர் வேடர் இல்லையா?" என்றான் மருமகன். நல்ல கேள்வி. குறிஞ்சி நிலத்தின் தொழில்களில் வேட்டையும் ஒன்று என்று படித்திருக்கிறோம். ஆனால் முதன்முதல் வேட்டைக்குப் புறப்படும் இளைஞனை நம் தமிழில் மிக விரிவாகப் பாடியவர் யார்? பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணம் செய்த சேக்கிழார் பெருமான். கண்ணப்ப நாயனார் வரலாறுதான் அது. சமயக் கதையாக அதனைக் கேட்டவர்கள் பலர். வேட்டை பழகுவோனுக்குரிய பாடமாகவும் அதனைப் படிக்கலாம் என்பது என் எண்ணம்.

பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர் தலைவன் நாகன் முதுமை எய்துகிறான். அவன் வேட்டையைத் தவிர்த்தமையால் விலங்குகள் பெருகித் தினைப்புனங்கள் அழிகின்றன என்று வேடர்கள் வந்து முறையிடுகின்றனர். நாகன் தன் மைந்தன் திண்ணனிடம் தலைமையை அளித்துக் கன்னி வேட்டைக்கு அனுப்புகிறான். வில்லும் அம்பும் நாயும் வலையும் சூழப் பெரும் படை செல்கின்றது. அந்த ஆரவாரத்தின் நடுவே சேக்கிழார் ஒரு செய்தியை வைக்கின்றார். அவ்வேடர்கள் யானைக் கன்றுகளைத் தொடர மாட்டார்கள். சிறு குட்டிகளைக் கொல்ல மாட்டார்கள். கருவுற்றுத் தளர்ந்து நடக்கும் பிணைகளை வருத்த மாட்டார்கள். அவர்களுக்கு எந்த அரசாணையும் இல்லை. ஆயினும் வில்லை ஏந்திய கை எங்கே நிற்க வேண்டும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். பின்னர் வலையை அறுத்து ஓடிய பன்றி ஒன்றைத் துரத்திக் கொண்டு திண்ணன் நெடுந்தொலைவு செல்கிறான்; அதனைக் குத்தி வீழ்த்துகிறான்; பின் காளத்தி மலையில் ஏறுகிறான். பன்றியைத் தேடிச் சென்றவன் அங்கே கண்டது வேறு. அவன் வீடு திரும்பவில்லை.

என்னுடைய கன்னி வேட்டையை இனிச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என்றாலும் என் மருமகனிடம் சொன்னதை உங்களிடம் மறைப்பது முறையன்று.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த கோடை விடுமுறை. அண்டை வீட்டு அண்ணன் ஒருவர் காட்டில் கண்ணி வைத்து முயல் பிடிப்பார். துப்பாக்கி வேண்டாம், செலவும் இல்லை, சைக்கிள் பிரேக் கம்பி போதும் என்றார். சுருக்குப் போடக் கற்றுத் தந்தார். அஃதும் குற்றமே என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு மாலையில் தேயிலைத் தோட்டத்தின் எல்லையைத் தாண்டி, சோலைக்காட்டின் ஓரத்தில் விலங்குகள் நடந்து நடந்து தேய்ந்த தடங்களில் ஐந்து கண்ணிகள் வைத்தேன். வீட்டுக்கு வந்து உறக்கம் வரவில்லை. நான் பெரியவன் ஆகிவிட்டதாக எண்ணிக் கொண்டேன்.

அன்றிரவே மழை பிடித்துக் கொண்டது. எனக்குக் காய்ச்சலும் வந்தது. மூன்று நாள் படுக்கையை விட்டு எழவில்லை. நான்காம் நாள் காலையில் போனேன். முதற் கண்ணி வெறுமையாக இருந்தது. இரண்டாவதும் அவ்வாறே. மூன்றாவதில் ஒரு கேளையாடு கிடந்தது. பெண். கம்பி கழுத்தில் இல்லை, இடுப்பில் இறுகியிருந்தது. அது இழுத்து இழுத்துச் சுற்றிவந்த இடத்தில் வட்டமாக மண் தெரிந்தது. அவ்வளவுக்குப் புல் தேய்ந்திருந்தது. எறும்பு மொய்த்திருந்தது. உண்பதற்கும் ஆகாது. அதன் மடியில் பால் கட்டியிருந்ததைக் கண்டபோது, எங்கேயோ புதருக்குள் ஒரு குட்டி இருக்க வேண்டும் என்று தோன்றிற்று. தேடினேன், காணவில்லை. அந்தப் புல்லில் உட்கார்ந்து அழுதேன்.

அவ்வழியே தேன் எடுத்துக் கொண்டு முதியவர் ஒருவர் வந்தார். முதுவர் குடியைச் சேர்ந்தவர். நம் மலையின் தடங்களை முதுவர்களைப் போல் அறிந்தவர் எவரும் இலர் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் என்னைத் திட்டவில்லை. கம்பியை அவிழ்த்துக் கையில் சுற்றிக் கொண்டே கேட்டார்.

"எத்தனை வைத்தாய்?"

"ஐந்து."

"மற்றவற்றை எடுத்துக் கொண்டு வா."

ஓடினேன். நான்காவதையும் கண்டெடுத்தேன். ஐந்தாவதை வைத்த இடம் தெரியவில்லை. மூன்று நாள் மழையில் புல் உயர்ந்திருந்தது. பார்க்கும் திசையெல்லாம் ஒரே போல் இருந்தது. அவரும் தேடினார், கிடைக்கவில்லை. இருட்டும் வரை தேடிவிட்டு, "நான்குதான் கிடைத்தன" என்றேன்.

"அப்படியானால் உன் வேட்டை இன்னும் முடியவில்லை" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

அன்பர்களே, நான் சரக்குக் கணக்கு எழுதுபவன். ஐந்து மூட்டை அனுப்பி நான்கு மூட்டை வந்தால், மீதி ஒன்று எங்கே என்று கேட்பதற்கே அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகின்றது. எத்தனையோ கணக்குகளை நேர் செய்திருக்கிறேன். அந்த ஐந்தாம் கண்ணியின் கணக்கு மட்டும் இன்றுவரை நேராகவில்லை. கம்பி துருப்பிடித்து உதிரும் முன் அதில் எது சிக்கிற்றோ, நான் அறியேன். விலங்கு எது, கன்றுக்குட்டி எது, விறகு பொறுக்கப் போகும் நம் தாய்மாரின் கால் எது என்று கண்ணிக்குத் தெரியாது. வைத்தவன் உறங்கும்போதும் அது விழித்திருக்கும். வைத்தவன் மறந்த பின்பும் அது மறவாது.

வெடி வைப்பதும் அத்தகையதே. அவுட்டுக்காய் என்று சொல்லப்படும் வெடியைப் பன்றிக்காக வைக்கிறார்கள். பன்றிதான் வந்து கடிக்கும் என்று அதற்கு யார் சொன்னார்கள்? 2020ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள், பாலக்காடு மாவட்டத்து வெள்ளியாற்றில், வெடி வைத்த காயைக் கடித்து வாய் சிதைந்த பெண் யானை ஒன்று தண்ணீரில் நின்றவாறே உயிர்விட்டது. அது கருவுற்றிருந்தது. உடுப்பூர் வேடர்கள் கருவுற்ற பிணையைக் கண்டு வில்லைத் தாழ்த்தினார்கள் என்றால், கண்ணால் கண்டதனால் தாழ்த்தினார்கள். காணாமல் கொல்லும் கருவியில் அந்த அறத்துக்கு இடமே இல்லை.

"அயல்நாடுகளில் வேட்டையாடுகிறார்களே" என்றான் மருமகன். உண்மைதான். ஆனால் அங்கே தொடக்கக்காரனுக்கு முதலில் தருவது துப்பாக்கி அன்று, பாடப்புத்தகம். ஜெர்மனியில் வேட்டை உரிமம் வேண்டுவோர் எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, சுடும் தேர்வு மூன்றிலும் தேறவேண்டும். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 1949ஆம் ஆண்டிலேயே புதிய வேட்டைக்காரர்க்குப் பாதுகாப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. பிற மாநிலங்களும் அவ்வழி நடந்தன. அவர்கள் முதலில் கற்பிப்பவை இவை: எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரம்பியதாகவே கருது, சுடும் கணம் வரும்வரை விசையில் விரலை வைக்காதே, குறி எது என்றும் குறிக்குப் பின்னால் இருப்பது எது என்றும் உறுதியாகத் தெரியாமல் சுடாதே, அடிபட்ட விலங்கைத் தேடிக் கண்டுபிடிக்காமல் வீடு திரும்பாதே. மேலும், துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் வரிப்பணத்தை வனவிலங்குப் பாதுகாப்புக்குச் செலவிடும் சட்டம் அங்கே 1937ஆம் ஆண்டு முதல் உள்ளது. இரவில் நெற்றிவிளக்கைக் கட்டிக் கொண்டு, புதர் அசைந்தவுடன் சுடும் நம்மூர்க் கள்ள வேட்டைக்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை. புதருக்குள் அசைந்தது உடன்வந்த நண்பனே என்று பின்னர் அறிந்து கதறியவர்கள் உண்டு.

அப்படியாயின் வேட்டை என்னும் கலையில் நமக்கு எதுவுமே மிச்சமில்லையா? மிகுதியாக உண்டு. உண்மையான வேட்டைக்காரன் ஒருவனின் நாளை எண்ணிப் பாருங்கள். அவன் சுடுவது ஒரு நொடி. அதற்கு முன் நடப்பதும், காத்திருப்பதும், மோப்பம் அறிவதும், தடம் பார்ப்பதும் பல மணி நேரம். அந்த ஒரு நொடியைத்தான் சட்டம் நம்மிடமிருந்து எடுத்துக் கொண்டது. எஞ்சியதை எவரும் தடுக்கவில்லை. நாமே கற்காமல் விட்டோம்.

அக்கல்வியின் முதற்பாடம் காற்று. ஒரு சிட்டிகைச் சாம்பலையோ பொடிமண்ணையோ தூவிப் பார்த்தால் காற்று வீசும் திசை தெரியும். நம்மிடமிருந்து விலங்கை நோக்கிக் காற்று வீசினால், நாம் எவ்வளவு மெல்ல நடந்தும் பயனில்லை. இரண்டாம் பாடம் தடம். நாய், செந்நாய் ஆகியவற்றின் அடியில் நகக்குறி பதியும். புலியும் சிறுத்தையும் நடக்கையில் நகத்தை உள்ளிழுத்துக் கொள்வதால் பெரும்பாலும் பதியாது. யானையின் முன்காலடிச் சுற்றளவை நூலால் அளந்து இருமடங்காக்கினால் அதன் தோள் உயரம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். மூன்றாம் பாடம் ஒலி. கருமந்தி மரத்தின் மேலிருந்து அதட்டினாலும், மிளா ஒற்றைக் குரலில் உரக்கக் கூவினாலும், கேளையாடு நாயைப்போல் குரைத்தாலும், அங்கே ஏதோ வந்திருக்கின்றது என்று பொருள். காட்டோரம் குடியிருக்கும் நமக்கு இவை பொழுதுபோக்கு மட்டும் அல்ல. மாலையில் கடையிலிருந்து திரும்பும்போது புதுச் சாணத்தையும் ஒடிந்த மூங்கிலையும் கண்டு, "யானை அருகில் உள்ளது, இவ்வழி வேண்டாம்" என்று திரும்பத் தெரிந்தவன் உயிர் பிழைப்பான்.

வேட்டைக்காரனின் கண்ணும் காதும் காவலுக்குத் திரும்பினால் என்னவாகும் என்பதற்கு நம் மலையே சான்று. வரையாடு மேயும் இரவிகுளத்துப் புல்வெளி ஒரு காலத்தில் தோட்டத் துரைமார்களின் வேட்டைக்காடு. அவர்களே ஒரு சங்கம் அமைத்து, கண்டபடி சுடாமல் வேட்டையை வரையறுத்தார்கள். அவர்களுக்குத் தடம் காட்டியவர்களும், பின்னர்க் காவல் காத்தவர்களும் முதுவர்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் கண்ணன் தேவன் மலை நிலங்களைக் கேரள அரசு மீட்டது. 1975இல் இரவிகுளம் சரணாலயமாயிற்று. 1978இல் தேசியப் பூங்காவாயிற்று. இன்று உலகிலேயே வரையாடுகள் மிகுதியாக வாழும் இடம் அதுவே. 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாடும் கேரளமும் ஒரே காலத்தில் எடுத்த கணக்கெடுப்பில் 2,668 வரையாடுகள் இருப்பதாகக் கண்டனர். கேரளத்தில் 1,365, தமிழ்நாட்டில் 1,303. எண்ணுவதற்குப் போனவர்கள் என்ன செய்தார்கள்? விடியற்காலையில் மலையேறினார்கள், காற்றறிந்து நின்றார்கள், தொலைநோக்கியால் கண்டு, ஆண் எது, பெண் எது, குட்டி எது என்று பிரித்து எழுதினார்கள். முதுகில் வெண்மை படர்ந்த கிடாயைத் தொலைவிலிருந்தே இனங்காண்பது அக்காலத்து வேட்டைக்காரன் கற்ற அதே பாடம். அவன் கற்றது சுடுவதற்கு, இவர்கள் கற்றது எழுதுவதற்கு.

நம் மாவட்டத்துத் தேக்கடியில் இன்னுமொரு சான்று உண்டு. காட்டில் திருட்டுத்தனமாக இலவங்கப் பட்டை உரித்தும் வேட்டையாடியும் வாழ்ந்த ஒரு குழுவினர், 1990களின் பிற்பகுதியில் அத்தொழிலைக் கைவிட்டு, வனத்துறையோடு சேர்ந்து காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் மாறினார்கள். திருடன் நுழையும் வழி அவர்களுக்குத் தெரியாதா என்ன?

என் தொழிலுக்கு உறவான ஒருவரையும் சொல்ல ஆசை. ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட் பெயரைக் கேட்டிருப்பீர்கள். அவர் இருபதாண்டுக்கு மேல் மோகாமே காட் என்னும் கங்கைத் துறையில், ஒரு ரயில் பாதையிலிருந்து மற்றொன்றுக்குச் சரக்கு மாற்றும் ஒப்பந்தப் பணி பார்த்தவர். சிறுவனாகக் கவணோடு காட்டில் அலைந்து விலங்கின் குரலைக் கற்றவர், பிற்காலத்தில் புலியைப் படமெடுக்கும் கருவியோடு அலைந்தார். 1936ஆம் ஆண்டு இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமைய உழைத்தவர்களில் அவரும் ஒருவர். இன்று அப்பூங்கா அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

எங்கள் பாலக்காட்டு இருப்புப்பாதையிலும் இவ்வறிவு தேவைப்படுகின்றது. 2021ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் இரவு, மதுக்கரைக்கு அடுத்த நவக்கரையில் ரயில் மோதி மூன்று யானைகள் மாண்டன. மறுநாள் அலுவலகத்தில் எவரும் அதிகம் பேசவில்லை. 2024ஆம் ஆண்டு முதல் மதுக்கரையில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் யானை வருவதைக் கண்டு எச்சரிக்கை அனுப்புகின்றன. கருவி நன்று. யானை எவ்வழி வரும், எங்கே தண்டவாளத்தைக் கடக்கும் என்று அக்கருவியை நிறுத்த இடம் காட்டுவதற்குத் தடம் அறிந்த மனிதன் வேண்டும் அல்லவா?

ஆகவே, வேட்டை பழக விரும்பும் இளைஞர்களுக்கு நான் சொல்லும் வழி இது. ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் எடுத்துக் கொள்ளுங்கள். இயன்றால் தொலைநோக்கி ஒன்று. நாயை வீட்டில் விட்டு வாருங்கள். அனுமதியின்றிக் காட்டுக்குள் நுழைய வேண்டா. நம் தோட்டத்து எல்லையும் ஓடைக்கரையுமே ஓராண்டுப் பாடத்துக்குப் போதும். தனியே போகாதீர்கள், போகுமிடத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். ஒரே இடத்துக்கு வாரந்தோறும் சென்று, நாள், நேரம், காற்று, கண்ட தடம், கேட்ட குரல் ஆகியவற்றை எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். கம்பியோ வெடியோ கண்டால் தொடாமல் வனத்துறையினர்க்குச் சொல்லுங்கள். வனத்துறை கணக்கெடுப்புக்குத் தன்னார்வலரை அழைக்கும்போது பெயர் கொடுங்கள். தை, மாசியில் வரையாடுகள் குட்டி ஈனும் காலத்தில் இரவிகுளத்தில் பார்வையாளரை அனுமதிப்பதில்லை. அதன் காரணத்தை உணர்ந்து மதியுங்கள். படம் பிடிக்க விரும்புவோர், 1950 முதல் 1996இல் தம் மறைவு வரை நாளிதழில் இயற்கையைப் பற்றி எழுதிவந்த நம் தமிழர் மா. கிருஷ்ணனின் படங்களையும் எழுத்துகளையும் தேடிக் காணுங்கள்.

"எனக்குக் குறிபார்த்துச் சுடுவதில்தான் ஆசை" என்று கூறுவோரும் இருப்பீர்கள். அதற்கும் நேர்வழி உண்டு. முறையான துப்பாக்கி சுடும் கழகத்தில் சேர்ந்து காற்றுத் துப்பாக்கியில் தொடங்குங்கள். 2008ஆம் ஆண்டு அபினவ் பிந்த்ரா ஒலிம்பிக் பொற்பதக்கம் வென்றது அதில்தான். 2024இல் மனு பாக்கர் என்னும் பெண் இரு வெண்கலங்கள் பெற்றதும் காற்றுக் கைத்துப்பாக்கியில்தான். ஆகவே பெண் குழந்தைகளின் பெற்றோரும் இதனைக் கேட்டுக் கொள்ளுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வேட்டையைப் பற்றிக் கேட்டால் அடிக்காதீர்கள், சிரிக்கவும் செய்யாதீர்கள். நீங்கள் விடை சொல்லாவிட்டால், எனக்குச் சொன்ன அண்டை வீட்டு அண்ணனைப் போல் வேறொருவர் சொல்லிக் கொடுப்பார். அன்று எவரேனும் என்னைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்று தடம் காட்டியிருந்தால், ஐந்து கண்ணிகளை வைக்க நான் போயிருக்க மாட்டேன்.

இவ்வளவையும் கேட்ட மருமகன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அந்த ஐந்தாம் கண்ணியை எந்தப் பக்கம் வைத்தீர்கள் மாமா?" என்றான். மறுநாள் விடியலில் இருவரும் தோட்டத்து எல்லை வரை நடந்தோம். முப்பதாண்டில் புதர் மாறியிருக்கிறது, மரம் மாறியிருக்கிறது. கம்பி கிடைக்கும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. அவன் மட்டும் குனிந்து குனிந்து பார்த்துக் கொண்டு முன்னே நடந்தான். ஓடையோரத்துச் சேற்றில் நின்று என்னைக் கையசைத்து அழைத்தான். பிளவுண்ட சிறு குளம்புகள் பதிந்திருந்தன. "கேளையாடு" என்றேன். அவன் குறிப்பேட்டை எடுத்து நாளும் நேரமும் எழுதினான். பின்பு மீண்டும் குனிந்து பார்த்துவிட்டு, "ஒன்று இல்லை மாமா, இரண்டு. ஒன்று பெரியது, ஒன்று சிறியது" என்று சொல்லி, அதனையும் எழுதிக் கொண்டான்.